ஒரு நாள் அவகாசம்

முதலில் போனை உடைத்தான், அதற்குப் பிறகுதான் கையை உடைத்தான். அந்த அவசரத்தில்தான் அவன் கோட்டை விட்டான். போன் மட்டும் முழுசாக இருந்திருந்தால், அவளுடைய வலது பெருவிரலைப் பிடித்து அதன்மேல் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் போதும், அவன் தேடியது அத்தனையும் திறந்துகொண்டிருக்கும். அவ்வளவு யோசிக்கிற ஆளாக இருந்தால் பெண்டாட்டியை அடிக்கிற வேலைக்கே வந்திருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

அவளுடைய பிறந்த வீட்டில் அவனுக்கு இன்றைக்கும் மாப்பிள்ளை என்றுதான் பெயர். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது, ஆறு வயதில் ஒரு மகள். டயர் கடையில் மேனேஜர். வெளியில் எல்லோரிடமும் சிரித்த முகம், சக்கரம் கழற்றுகிறவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த மரியாதையையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிற மகராசன்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிப்பவள். கீபோர்டைப் பார்க்காமல், பக்கத்து சீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே பத்து விரலாலும் அடித்துத் தள்ளுவாள். அதனால் அங்கே அவளை எல்லோரும் மெஷின் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. மெஷினுக்கு வலிக்காது என்று ஒரு நாள் கழிவறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிரிந்து போகவும், மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவள் கேஸ் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை விசாரணை. அதுவரை அந்த வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மகளை விட்டுவிட்டு வெளியேறினால் பெற்றவளே விட்டுவிட்டுப் போனாள் என்பான், கூட்டிக்கொண்டு வெளியேறினால் பிள்ளையைக் கடத்தினாள் என்பான். இந்த ஒரு மாதமும் அவன் கை ஓங்கவில்லை. பூனை மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய வக்கீலம்மா அனுப்பிய ஆவணப் பட்டியல் அவன் கைக்குக் கிடைத்தது. தேதி வாரியாகப் படங்கள் நாற்பத்தொன்று, எக்ஸ்ரே ரிப்போர்ட் இரண்டு, ஒலிப்பதிவு மூன்று. பட்டியல் மட்டும்தான் போயிருந்தது, ஆவணங்களை விசாரணையன்று அவள் எடுத்துத் தருவதாகப் பேச்சு.

"எங்கடி வெச்சிருக்கே இதையெல்லாம்?"

அவள் போனில் இருந்த படங்களை அவன் தினமும் குடைந்து பார்ப்பவன். அங்கே ஒன்றும் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். திறக்காத ஒரே ஒரு இடம்தான் இருந்தது. எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கிற ஓர் ஆப். அவள் அதைப் பெட்டி என்பாள். ஒரு பெரிய பாஸ்வேர்ட் தெரிந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் தெரியும். பாஸ்வேர்ட் மட்டுமல்ல, படம், குறிப்பு, ரிப்போர்ட், எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். பதினொரு மாதமாக அவள் போட்டு வைத்தது தன் உடம்பை. கழுத்தில் பதிந்த ஐந்து விரல், முதுகில் பெல்ட்டின் கொக்கி, பிளந்த உதடு, விரிசல் விட்ட விலா எலும்பு.

அவன் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி எறிந்தான். போன் சுவரில் பட்டுத் தரையில் விழுந்தது. அதன்மேல் அவன் குதிகாலை வைத்துத் திருகினான். பிறகு அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் இரும்பு பீரோவின் விளிம்பில் வைத்தான்.

"பாஸ்வேர்ட் என்ன?"

"தெரியாதுங்க."

பீரோக் கதவை அறைந்து சாத்தினான். கனமான கதவு அது, பூட்டே அரைக் கிலோ இருக்கும். அவள் போட்ட அலறலில் ஹாலில் உட்கார்ந்திருந்த மகள் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பழகியிருந்தது. அந்தச் சத்தம் கூடியது அவளுக்குக் கேட்டது, கையைவிட அது அதிகமாக வலித்தது.

"பாஸ்வேர்ட்."

"சத்தியமாத் தெரியாதுங்க."

இரண்டாம் முறை. மூன்றாம் முறை. மூன்று தடவையும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அதை அவன் பச்சைப் பொய் என்று நினைத்தான்.

அவன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அடித்த பிறகு அவனுக்கு நன்றாகப் பசிக்கும். அவள் இடது கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, காலில் ஜோடி மாறிய செருப்போடு, அவன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ள எழுந்த நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்டாள். கடத்தல் என்றால் கடத்தல் என்று போகட்டும்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றிலும் எலும்பு போயிருக்கிறது என்றார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு. எப்படி ஆனது என்று கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார், விசாரிக்கிறோம் என்றார், போனார். அன்றிரவு அவளும் மகளும் தம்பி வீட்டில் படுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, லீவு சொல்ல வேலைக்குப் போனாள். தன் கம்ப்யூட்டரை இடது கையால் திறந்தாள். மின்னஞ்சலில் பெட்டியிலிருந்து ஒரு தகவல் வந்து கிடந்தது. முந்தின நாள் மாலை நாலு பத்துக்கு வந்தது. சரியாக அவளுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்த நேரம்.

உங்கள் அவசரத் தொடர்பு உங்கள் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டிருக்கிறார். நீங்கள் உள்ளே வந்து மறுக்காவிட்டால் ஒரு நாளில் அனுமதி கிடைத்துவிடும்.

அவசரத் தொடர்பு அவன்தான். ஆறேழு வருடத்துக்கு முன்னால் அவளே தன் கையால் போட்டது. அப்போது அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் பேங்க், கரண்ட் பில் பாஸ்வேர்டுகள்தான். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெட்டியை யாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஆப் கேட்டது. மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நேரம், பிரசவ பயம் வேறு. வேறு யார் பெயரைப் போடுவாள். எத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்றும் கேட்டது. ஏழு நாள், மூன்று நாள், ஒரு நாள். பாவம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனுஷன் ஏழு நாள் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்று ஒரு நாளை அழுத்தினாள். பதினொரு மாதத்துக்கு முன்னால், முதல் படத்தை உள்ளே போட்ட அன்றைக்கு, பெரிய பாஸ்வேர்டை மாற்றினாள். அவசரத் தொடர்பை மாற்ற மறந்துபோனாள். அன்பாக இருந்த காலத்தில் செய்து வைத்ததெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்றைக்கு நாலு பத்துக்கு அவன் உள்ளே போய்விடுவான். பாஸ்வேர்டை மாற்றுவான், அத்தனையையும் துடைப்பான். நாளைக்கு விசாரணையில் உடைந்த கை ஒன்றுதான் மிச்சம் இருக்கும். கதவில் நசுங்கிவிட்டது ஐயா என்பான், அழகாகச் சொல்வான். ஒரு காயம் என்றால் விபத்து. தேதி போட்ட நாற்பத்தொரு காயத்தை யாரும் விபத்து என்று சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் மகள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போவாள், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார.

அவள் தம்பியிடம் ஓடினாள். தம்பிக்கு ஒரு ரிப்பேர் கடை. செத்த போனுக்கும் உயிர் கொடுக்கப்படும் என்று வாசலில் போர்டு வைத்திருந்தான். முன்னால் கண்ணாடி மேசை, பின்னால் பலகை அடித்துத் தடுத்த ஒரு சின்ன அறை. கோபமும் கிண்டலும் ஒரே மூச்சில் வருகிற ஆள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ரிப்பேருக்கு வந்து கிடந்த அவளுடைய பழைய லேப்டாப்பைத் தூக்கிப் பின்னறை மேசையில் வைத்தான். அதில் அந்த ஆப் இருந்தது. பாஸ்வேர்டை மட்டும் கேட்டது.

"சொல்லுக்கா, அடிக்கறேன்."

"தெரியாதுடா."

"என்கிட்ட எதுக்கு மறைக்கறே?"

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் விளக்கினாள். புதுப் பாஸ்வேர்டு வைத்தபோது அவள் எந்த வார்த்தையையும் யோசிக்கவில்லை. கீபோர்டில் விரல்களை ஓடவிட்டாள். பதினாறு தட்டு. அதையே அன்றைக்கு முழுக்க வலியோடு அடித்து அடித்து விரலில் ஏற்றிக்கொண்டாள். எழுத்தாக அது அவள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாத பாஸ்வேர்டு வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாள்.

"அடிச்சுக் கேட்டான், சொல்ல முடியலை. நல்ல வேலை பண்ணினே," என்றான் தம்பி. "சரி, பேக்கப் எடுத்து வைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, எடுத்தியா?"

"எடுத்தேன். பென் டிரைவ்ல."

கைப்பையின் உள்ஜிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் செருகினான். கோப்பு இருந்தது. திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது.

"இதுக்கு என்ன பாஸ்வேர்ட்?"

"அதேதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "மறந்துட்டா திறக்கறதுக்கு ஆப்காரன் ஒரு நீளமான எண் கொடுத்திருப்பானே. பிரிண்ட் எடுத்துப் பத்திரமா வைக்கச் சொல்லியிருப்பான்."

"பத்திரமாத்தான் வெச்சேன்."

"எங்கே?"

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். "பெட்டிக்குள்ள."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டியவளைத் திட்டுவதா, அவள் கட்டைப் பார்த்து அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் எந்தத் தாளை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிற ஒருவனோடு குடித்தனம் நடத்தியவள் வேறு எங்கேதான் வைப்பாள் என்று பிறகு யோசித்தான் போலிருக்கிறது. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆப் கம்பெனிக்கு எழுதினார்கள். இரண்டு வேலை நாளில் பதில் தருகிறோம் என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. வக்கீலம்மா வேறொரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குள்ளே இருந்தார், சாயங்காலம்தான் போனை எடுப்பார். ஐந்து முறை தவறாக அடித்தால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும் என்று திரையில் சிவப்பில் எழுதியிருந்தது. அவள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அவன் அடித்ததில் இரண்டு முறை போயிற்று.

பிறகு அவள் இடது கையைக் கீபோர்டில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை தன் பங்கை அடித்தது. வலது கையின் முறை வரும்போது நின்று, அது அடித்து முடிக்கிற அளவு நேரம் காத்திருந்து, மறுபடி அடித்தது. தம்பி ஒரு தாளில் குறித்துக்கொண்டான். பதினாறில் ஒன்பது எழுத்து கிடைத்தது. மிச்சம் ஏழும் மாவுக்கட்டுக்குள் இருந்தது.

"உள்ளே விரல் துடிக்குதுடா. நாலாவது தட்டு மோதிர விரல். அது வர்றப்ப அங்கேதான் குத்துது."

"மோதிர விரல்னா மேல் வரிசையா, நடு வரிசையா, கீழ் வரிசையா?"

அது அவளுக்குத் தெரியவில்லை. வலிக்கு வரிசை கிடையாது. குருட்டு யோசனையில் மூன்றாவது முயற்சியும் போனது. மணி மூன்று இருபத்தைந்து.

"கட்டை அறுடா," என்றாள்.

"உனக்கென்ன கிறுக்கா?"

"நீ அறுக்கறியா, நான் அந்தச் சுவத்துல அடிச்சு உடைக்கட்டுமா?"

போன் மூடிகளை அறுக்கிற சின்ன வெட்டுச் சக்கரம் ஒன்று அவனிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தான். எத்தனையோ போன்களின் வயிற்றைக் கிழித்தவன், அக்காவின் கைக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். சக்கரம் சுழன்றது, அறை முழுக்க வெள்ளைத் தூசி பறந்தது. கடைசித் துண்டைப் பிய்த்து எடுத்தபோது அவள் தன் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த மூன்று விரல்களும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, எது எங்கே மடங்கும் என்று தெரியாமல் கிடந்தன.

"மூச்சை இழுத்து விடுக்கா. பதறாதே. நிதானமா அடி."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். தோளைத் தளர்த்தினாள். நிதானமாக அடித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. பதினொன்றாவது தட்டில் கை தயங்கியது. இங்கேயா, பக்கத்திலா. பக்கத்தில் அடித்தாள்.

தவறு. இன்னும் ஒரு முயற்சி உள்ளது.

அப்போதுதான் முன்னால் கடைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. பின்னறைச் சுவரில் கடைக் கேமராவின் சின்னத் திரை இருந்தது. அதில் மாப்பிள்ளை தெரிந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் சக்கரம் கழற்றுகிற நீள ஸ்பேனர். மணி மூன்று ஐம்பது.

"உள்ளே தாழ் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுத் தம்பி வெளியே போனான்.

"என்ன மச்சான், கடை எப்படிப் போவுது?" அவன் குரலில் தேன் ஒழுகியது. வெளியிடம் அல்லவா.

"வெளியே போங்க மாமா."

"நான் எதுவும் பண்ண வரலை. நாலு பத்து வரைக்கும் இங்கே யாரும் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன். இருபது நிமிஷம். உக்காந்து பேசிட்டிருப்போம்."

"எங்கக்கா கையை உடைச்சிட்டு என் கடைக்கே வந்து உக்காந்து பேசலாம்கறே. வெளியே போடா."

அந்த 'டா'வோடு மரியாதை கழன்றது. கண்ணாடி மேசை ஒரே அடியில் உள்ளே சரிந்தது. அடுத்தது அலமாரி. ரிப்பேருக்கு வந்து வரிசையாக நின்ற திரைகளை அவன் ஒவ்வொன்றாக, நிதானமாக, எண்ணுகிற மாதிரி உடைத்தான். தம்பி பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஸ்பேனர் தோளுக்கு மேலே திரும்பி வந்து இறங்கியது. தம்பியின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் கீழே விழுந்தான். விழுந்தவன் மாப்பிள்ளையின் இரண்டு காலையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளை அவன் முகத்தில் மிதித்தான். மறுபடி மிதித்தான். பிடி விடவில்லை. திரையில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

"வெளியே வாடி. வரலைன்னா உன் தம்பியைக் கொன்னுட்டுத்தான் போவேன்."

அவள் உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது. ஏழு வருடமாக அந்தக் குரல் கூப்பிட்டால் எழுந்து போகிற உடம்பு அது. கை உதறியது. நின்றபடியே அவள் தன் கைகளைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பிடிபட்டது.

அந்தப் பாஸ்வேர்டை அவள் ஒரு நாளும் நிதானமாக அடித்ததே இல்லை. அடி வாங்கின மறுநாள் காலையில்தான் அந்தப் பெட்டியைத் திறப்பாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வேலையிடத்துக்கு ஓடி, கழிவறையில் புடவையை விலக்கிப் படம் எடுத்து, யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே, தன் கம்ப்யூட்டரில் இதே உதறலில், இதே வலியில் அடிப்பாள். விரல்களுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது பயம்தான். மூச்சை இழுத்துவிட்டுத் தோளைத் தளர்த்தி உட்கார்ந்த பெண்மணியை அந்தக் கைக்கு அடையாளமே தெரியவில்லை.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு கையையும் கீபோர்டில் வைத்தாள். கண்ணை மூடவில்லை, பலகைக் கதவைப் பார்த்தாள். தம்பியின் பிடியை உதறிவிட்டு வந்தவனின் முதல் அடி கதவில் விழுந்தபோது கை தானாக ஓடியது. பதினாறு தட்டு. பதினொன்றாவது தட்டில் மோதிர விரல் கீழ் வரிசைக்குப் போனது, எலும்பு எலும்பில் உரசியது. அவள் கத்தினாள், கை நிற்கவில்லை.

பெட்டி திறந்தது.

கதவில் இரண்டாவது அடி. பலகை பிளந்தது. திரையின் மேலே மஞ்சள் பட்டையில் அவன் பெயரும் அதன் பக்கத்தில் இரண்டு பொத்தான்களும் இருந்தன. அனுமதி, மறுப்பு. மூன்றாவது அடியில் தாழ் பெயர்ந்து விழுந்தது. அவள் மறுப்பை அழுத்தினாள். கீழே அவசரத் தொடர்பை நீக்கு என்று இன்னொன்று இருந்தது. அதையும் அழுத்தினாள்.

அவன் உள்ளே வந்து நின்றான். சட்டைப் பையில் அவன் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது. ஒரு நிமிடம் அவன் முகம் ஒன்றும் புரியாத பிள்ளை முகமாக ஆனது. பிறகு ஸ்பேனரை ஓங்கி லேப்டாப்பின்மேல் இறக்கினான். அது இரண்டாக மடங்கியது. அவன் மறுபடி இறக்கினான், மறுபடி இறக்கினான். பெட்டி இணையத்தில் இருக்கிறது, அந்த லேப்டாப்புக்குள் இல்லை என்பதுகூட அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. அது முடிந்து அவள் பக்கம் திரும்பினான்.

அவள் மேசையில் கிடந்த வெட்டுச் சக்கரத்தை இடது கையில் எடுத்திருந்தாள். அது சுழன்றுகொண்டிருந்தது.

"வாங்க," என்றாள்.

அவன் வந்தான். ஏழு வருடத்தில் அவள் நகராமல் நின்றதை அவன் பார்த்ததில்லை, அதனால் நம்பாமல் வந்தான். ஸ்பேனர் அவள் தலையை உரசிக்கொண்டு சுவரில் பட்டது. சக்கரம் அவன் முன்கையில் முழங்கை வரைக்கும் கோடு போட்டது. வெள்ளைச் சட்டை நனைந்தது. அவன் தன் கையைப் பார்த்துக் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அதற்குள் பக்கத்துத் தையல் கடை அம்மா கூப்பிட்ட போலீஸ் வந்துவிட்டது. அவர்கள் வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்துகொண்டு, பாருங்க சார், என் பெண்டாட்டி என்னை என்ன பண்ணியிருக்கா பாருங்க என்று அழுதுகொண்டிருந்தான். சுவரில் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எலும்பு டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேற்றுப் போட்ட கட்டை அறுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். இரண்டு விரல் இனிமேல் முழுசாக நிமிராது, அது தெரியுமா என்றார். தெரியும் என்றாள். புதுக் கட்டுப் போட அவர் மாவைக் கரைத்தபோது, கொஞ்சம் இருங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு, தோளில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். அவன் இடது கையால் அவள் விரல்களைப் படம் எடுத்தான். நாற்பத்திரண்டு.

அந்தக் கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே, உதறல் அடங்காத அதே கையால் வக்கீலம்மாவின் லேப்டாப்பில் அவள் பெட்டியை மறுபடி திறந்து கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வக்கீலம்மா அத்தனை படங்களையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார். நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபதைத் தாண்டிய பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் பார்த்தார். மகள் அம்மாவோடு இருக்க வேண்டும், அப்பா கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில், மூன்று பல் போன வாயோடு தம்பி அவளுடைய புதுப் போனில் பெட்டியைச் சரிசெய்தான். இந்தத் தடவை புதுப் பாஸ்வேர்டு ஒன்றை எழுத்து எழுத்தாக யோசித்து வைத்தார்கள். மறந்தால் திறக்கிற எண்ணைத் தாளில் அச்சிட்டு வக்கீலம்மாவின் அலமாரியில் வைக்க உறையில் போட்டார்கள். பென் டிரைவுக்கு வேறு பாஸ்வேர்டு. எல்லாம் முடிந்தது. அவசரத் தொடர்பு யார் என்று கடைசியாக ஆப் கேட்டது.

"என் பேரைப் போட்டுடவா?"

"போடு."

அவன் தன் பெயரைப் போட்டான். எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டது. அவன் விரல் தானாக ஒரு நாளுக்குப் போனது.

"ஏழு," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு கிழிந்து தைத்திருந்தது, ஒரு கண் திறக்கவே இல்லை. "நான் உன் தம்பிக்கா."

"தெரியும்டா."

ஹாலில் மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் குறைவாகவே இருந்தது. பெற்றவள் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான், அவள் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் ஏழு நாளை அழுத்திவிட்டு, போனை அவளுடைய நல்ல கையில் கொடுத்தான்.